தொடங்க மறுக்கும் மடிகணினி: நிலைபொருள் அமைப்பு மாற்றம் பற்றிய சில விளக்கங்கள்

விண்டோஸ் 10 எனும் பணிசெயல் முறைமைக்கு மைக்ரோசொவ்ற் நிறுவனம் வழங்கிவந்த பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிவுற்றது. அதன் வழித்தோன்றலாக 2021 இல் வெளியான விண்டோஸ் 11, தனக்கு இடமளிக்கும் பொறியிடம் பல நிபந்தனைகளை விதிக்கின்றது. அவற்றுள் இரண்டு ஈண்டு நமது கவனத்துக்குரியன. செக்கியூர் பூட் எனப்படும் பாதுகாப்புத் தொடக்க வசதி பொறியிலே இருத்தல் வேண்டும், ரி.பி.எம். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் மறைகுறிக் கூற்றின் 2.0 ஆம் பதிப்புச் செயற்படுதல் வேண்டும். சில ஆண்டுப் பழைமையுடைய மடிகணினிகள் பலவற்றிலே இவ்விரண்டும் உள்ளன. ஆயின் உறங்குநிலையில் உள்ளன. அவற்றைத் துயிலெழுப்பும் பொருட்டுப் பயனாளர் பலர், பொறியை வாங்கிய நாள் முதலாக எட்டியும் பாராத ஒரு திரையினுள் நுழைகின்றனர். இரண்டொரு தெரிவுகளை மாற்றுகின்றனர், சேமித்து வெளியேறுகின்றனர். அதன் பின் பொறி தொடங்குவதில்லை.

இந்நிலையில் இருவகை முடிபுகள் அவசரமாக எடுக்கப்படுவதை அவதானிக்கலாம். ஒன்று, பொறி பழுதடைந்துவிட்டது என்பது. மற்றது, வட்டை அழித்து எல்லாவற்றையும் புதிதாக நிறுவினாலன்றி மீட்சியில்லை என்பது. முன்னையது பணவிரயத்தில் முடிகின்றது. பின்னையது, காப்புப்படி எடுக்கப்படாத ஓர் ஆய்வேட்டின் அழிவிலே முடியலாம். அமைப்பு மாற்றத்தின் பின் தொடங்க மறுக்கும் பொறிகளிற் பெரும்பாலானவற்றில் எவ்வுறுப்பும் கெட்டிருப்பதில்லை என்பதும், பொறியின் அடுக்குகளுக்கிடையே நிலவிய ஓர் உடன்பாடே முறிந்துள்ளது என்பதும், அவ்வுடன்பாட்டைப் புதுப்பிக்கும் வல்லமை உடைமையாளரின் கையிலிருந்து படிப்படியாக வேறிடத்துக்குப் பெயர்ந்து வந்துள்ளது என்பதுமே இக்கட்டுரையில் நாம் எடுத்துரைக்க முனைவன.

அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்

கணினியை வன்பொருள், மென்பொருள் என இரண்டாகப் பகுத்து நோக்குவது நமது பாடநூல் மரபு. இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவதொன்று உண்டு. ஆளியை அழுத்தியதும், வட்டு இன்னும் அறியப்படாத நிலையில், செயலி முதன்முதலாக நிறைவேற்றத் தொடங்கும் நிரலே அது. தாய்ப்பலகையின் ஒரு சில்லிலே நிலையாகப் பதிந்திருப்பதால் அதனை நிலைபொருள் என்கின்றோம். பயோஸ் என்பது அதன் பழைய பெயர். 1970களிலே கரி கில்டால் தமது சீ.பி./எம். முறைமையின் வன்பொருள் சார்ந்த பகுதிக்கு இட்ட அப்பெயர், பொருள் பலமுறை மாறிய பின்னரும் மக்கள் வழக்கிலே நிலைத்துவிட்டது.

1981 ஓகஸ்ட் மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியிலே பயோஸ் 8 கிலோபைற்று அளவினதாய், படிக்க மட்டுமே இயலும் நினைவகத்திற் பதிக்கப்பட்டிருந்தது. அமைப்புகள் என்று தனியே எதுவும் சேமிக்கப்படவில்லை. நினைவகம் எவ்வளவு, வட்டுச் செலுத்திகள் எத்தனை என்பவற்றைத் தாய்ப்பலகையில் இருந்த சிறு ஆளிகளே பொறிக்கு உரைத்தன. அவ்வாளிகளைக் கண்ணாற் காணலாம். பேனை முனையால் மாற்றலாம். பிழைத்தால் முன்னிருந்தவாறே திருப்பிவிடலாம். நிலைபொருளின் மூலநிரலையும் ஐ.பி.எம். தனது தொழினுட்பக் கைநூலிலே அச்சிட்டு வெளியிட்டது. அதனைப் படியெடுக்க எவருக்கும் உரிமை இருக்கவில்லை எனினும் படித்தறிய எவருக்கும் இயலுமாயிருந்தது.

1984 இல் வந்த ஏ.ரி. எனும் பொறியுடன் நிலைமை மாறியது. மோட்டரோலாவின் எம்.சி. 146818 எனும் கடிகாரச் சில்லினுள் 64 பைற்று நினைவகம் இருந்தது. கடிகாரத்துக்கும் அதன் கட்டுப்பாட்டுக்கும் 14 பைற்றுகள் போக எஞ்சிய 50 பைற்றுகளிலே பொறியின் அமைப்புகள் எழுதப்பட்டன. சீமொஸ் எனப்பட்ட இந்நினைவகம் ஒரு சிறு மின்கலத்தின் தயவில் வாழ்ந்தது. மின்கலம் தீர்ந்தால் நினைவும் தீர்ந்தது. இது ஒரு குறைபாடு எனத் தோன்றலாம். உண்மையில் அது பயனாளரின் இறுதிப் புகலிடமாகவும் விளங்கிற்று. எத்தகைய பிழையான அமைப்பைச் சேமித்தாலும், மறந்துபோன கடவுச்சொல்லை இட்டிருந்தாலும், நாணய வடிவான அம்மின்கலத்தைச் சிறிது நேரம் கழற்றி வைத்தால் பொறி யாவற்றையும் மறந்து புதிதாக எழுந்தது. தொழில்முறைக் கல்வி எதுவுமின்றிக் கணினி திருத்தக் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறையே இந்த ஒரு வித்தையைத் துணைக்கொண்டு தொழில் நடத்தியது எனலாம்.

1990களிலே நிலைபொருள், மீண்டும் எழுதத்தக்க பிளாஷ் சில்லுகளுக்கு இடம்பெயர்ந்தது. திருத்தப்பட்ட பதிப்பை வீட்டிலிருந்தே பதிக்கலாம் என்பது இதனால் விளைந்த நன்மை. அதன் மறுபக்கத்தைச் சீ.ஐ.எச். எனும் நச்சுநிரல் 1999 ஏப்பிரல் 26 ஆம் நாள் உலகுக்குக் காட்டியது: எழுத இயலும் சில்லை அழிக்கவும் இயலும். 2005 இல் தோன்றிய யு.ஈ.எவ்.ஐ. மன்றம் வகுத்த நியமம் பழைய பயோசின் இடத்தை மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டபோது, அமைப்புகளும் மின்கலத்தைப் பிரிந்து, நிலைபொருள் உறையும் அதே பிளாஷ் சில்லின் ஒரு மூலையிலே குடிபுகுந்தன. 16 அல்லது 32 மெகாபைற்று அளவினவான இச்சில்லுகள் மின்சாரம் இன்றியும் நினைவை இழப்பதில்லை. எனவே இன்றைய மடிகணினி பலவற்றில் மின்கலத்தைக் கழற்றினால் கடிகாரம் நிற்குமேயன்றி அமைப்புகள் நீங்கமாட்டா. சில பொறிகளில் மட்டும், கடிகாரம் மின்னிழந்ததை நிலைபொருள் ஓர் அறிகுறியாகக் கொண்டு அமைப்புகளைத் தானே மீள்நிலைப்படுத்தும். பழைய வித்தை சில இடங்களிற் பலிப்பதற்கும் பல இடங்களிற் பொய்ப்பதற்கும் காரணம் இதுவே.

எந்தப் படியில் நின்றது?

ஆளியை அழுத்தியது முதல் விண்டோசின் முகப்புத் தோன்றும் வரையிலான சில நொடிகளில் ஒரு பொறுப்பு கைமாறிக் கைமாறிச் செல்கின்றது. முதலில் மின்வழங்கலைக் கட்டுப்படுத்தும் சிறு சில்லு செயலியை எழுப்புகின்றது. செயலி நிலைபொருளை நிறைவேற்றுகின்றது. நிலைபொருள் நினைவகத்தைப் பழக்கிச் சீர்செய்து, திரையை ஒளிர்வித்து, வட்டுகளை இனங்காணுகின்றது. பின்னர்த் தொடக்க வரிசையிலே குறிக்கப்பட்ட நிரலை வட்டிலிருந்து எடுத்து, அதன் கையொப்பத்தைச் சரிபார்த்து, ஆட்சியை அதனிடம் ஒப்படைக்கின்றது. அந்நிரல் பணிசெயல் முறைமையின் கருவை ஏற்றுகின்றது. கரு தனது சாதனச் செலுத்திகள் வாயிலாக வட்டை மீண்டும் தானே இனங்காண முயல்கின்றது.

இறுதியிற் கூறியது மிகவும் மனங்கொள்ளத்தக்கது. வட்டு இரண்டு முறை, இரண்டு வேறு நிரல்களால் இனங்காணப்படுகின்றது. ஒரே அமைப்பை மாற்றும்போது ஒரு நிரல் இணங்கியும் மற்றது இணங்காமலும் போகலாம்.

ஆகவே தொடங்கவில்லை எனும் சொல் போதியதன்று. எந்தப் படி வரை சென்று நின்றது என்பதே கேள்வி. தயாரிப்பாளரின் இலச்சினை திரையிலே தோன்றுமாயின் செயலி, நினைவகம், திரை, நிலைபொருள் ஆகிய நான்கும் நலமே. தொடக்கச் சாதனம் இல்லை எனும் பொருள்பட ஒரு வரி தோன்றினால், நிலைபொருள் வட்டையோ அதிலுள்ள தொடக்க நிரலையோ ஏற்கவில்லை. நீலத்திரையோடு விண்டோஸ் தடுமாறுமாயின் நிலைபொருள் தன் கடமையை முடித்துவிட்டது. முரண்பாடு அதற்கு மேலடுக்கிலே உள்ளது. திரை முற்றிலும் இருண்டிருப்பின், விசைப்பலகையில் பேரெழுத்துப் பூட்டு விசையை அழுத்தி அதன் விளக்கு மாறுகின்றதா என்று பார்த்தல் வேண்டும். மாறினால் உள்ளே ஏதோவொரு நிரல் நிறைவேறிக்கொண்டிருக்கின்றது. காணாமற்போனது காட்சி மட்டுமே. மின்கல விளக்கோ விசைப்பலகை விளக்கோ ஓர் ஒழுங்கிலே மின்னி மின்னி அணையுமாயின் அது பொறியின் முறையீடு. மின்னல்களை எண்ணி, அம்மாதிரிக்கு உரிய கையேட்டோடு ஒப்பிட்டால் பழுதடைந்த உறுப்பு எதுவென அறியலாம்.

முறிந்த உடன்பாடுகள்

மிக அடிக்கடி நேர்வது வட்டின் நடைமுறை மாற்றமாகும். இன்ரெல் செயலியுடைய மடிகணினிகள் பல, றெயிட் அல்லது வி.எம்.டி. எனக் குறிக்கப்படும் நடைமுறையிலே வட்டை இயக்குமாறு அமைக்கப்பட்டுச் சந்தைக்கு வருகின்றன. லினக்ஸ் நிறுவ விழையும் ஒருவர், நிறுவல் நிரல் வட்டைக் காணாமையால், அறிவுரை கேட்டு அதனை ஏ.எச்.சி.ஐ. என மாற்றுகின்றார். லினக்ஸ் வட்டைக் கண்டுவிடுகின்றது. ஆனால் ஏற்கெனவே அதிலிருந்த விண்டோஸ், தொடக்கச் சாதனத்தை அணுக இயலவில்லை எனும் நீலத்திரையுடன் நின்றுவிடுகின்றது. வட்டிலே ஒரு பைற்றும் அழியவில்லை. விண்டோஸ் தான் நிறுவப்பட்ட வேளையிலிருந்த நடைமுறைக்குரிய செலுத்தியை மட்டுமே தொடக்கத்தில் ஏற்றுமாறு குறித்துவைத்துள்ளது. மற்றச் செலுத்தி அதனிடம் இருந்தும் அழைக்கப்படவில்லை.

இதற்கான பரிகாரம் எளிது. அமைப்பை முன்னிருந்தவாறு திருப்பினால் விண்டோஸ் எழும். புதிய நடைமுறையே வேண்டுமெனின், பழைய நடைமுறையில் விண்டோசைத் தொடங்கி, அடுத்த முறை பாதுகாப்புப் பயன்முறையிலே தொடங்குமாறு முறைமை அமைவடிவத்திற் குறித்துவிட்டு, மறுதொடக்கத்தின்போது நிலைபொருளில் நடைமுறையை மாற்றுதல் வேண்டும். பாதுகாப்புப் பயன்முறையிலே விண்டோஸ் அடிப்படைச் செலுத்திகளையெல்லாம் ஏற்றிப் பார்ப்பதால் புதிய நடைமுறைக்குரியதையும் கண்டுகொள்ளும். பின்னர் அக்குறிப்பை நீக்கி வழமைபோல் தொடங்கலாம். வட்டு மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருப்பின் இம்முயற்சிக்கு முன் கவனிக்க வேண்டியவற்றைப் பின்னர்க் கூறுவோம்.

இரண்டாவது, கட்டுரையின் தொடக்கத்திற் குறித்த செக்கியூர் பூட் தொடர்பானது. பழைய பயோஸ் போல நடிக்கும் சீ.எஸ்.எம். எனும் ஒட்டடுக்கு நெடுங்காலம் நிலைபொருளிலே பேணப்பட்டது. அது செயற்படும்போது செக்கியூர் பூட் இயங்காது. ஆகையால் செக்கியூர் பூட்டை விரும்புவோர் ஒட்டடுக்கை அணைக்கின்றனர். எம்.பி.ஆர். எனும் பழைய பிரிப்பு முறையிலே அமைந்த வட்டாயின், ஒட்டடுக்கு அணைந்ததும் நிலைபொருளுக்கு அதில் தொடக்க நிரல் எதுவும் தென்படுவதில்லை. இதற்கும் முதல் மருந்து முன்னிருந்த அமைப்பை மீட்பதே. அதன் பின்னர், காப்புப்படி எடுத்துக்கொண்டு, 2017 முதல் விண்டோஸ் 10 உடனேயே வரும் எம்.பி.ஆர்.2ஜி.பி.ரி. எனும் கருவியால் வட்டை ஜி.பி.ரி. எனும் புதிய பிரிப்புக்கு மாற்றி, அதற்கும் பின்னரே ஒட்டடுக்கை அணைத்தல் முறையாகும். வரிசை மாறினால் விளைவும் மாறுகின்றது.

ஈண்டு ஒரு பொதுவான அறிவுரையை மறுத்துரைக்க விரும்புகின்றோம். பொறி தொடங்காவிடின் இயல்புநிலை அமைப்புகளை ஏற்றுக என்று கையேடுகளும் திருத்துநரும் கூறுவர். இயல்புநிலை என்பது தொழிற்சாலையிலே நிறுவப்பட்ட பணிசெயல் முறைமைக்கு உரிய நிலை. நம்மிடையே புழங்கும் மடிகணினிகளிற் பல கைமாறி வந்தவை. இடையிலே யாரோ ஒருவரால் வேறொரு நடைமுறையில், சிலவேளை பழைய எம்.பி.ஆர். பிரிப்பில், மறுநிறுவல் செய்யப்பட்டவை. அத்தகைய பொறியிலே இயல்புநிலையை ஏற்றுவது இன்னுமொரு மாற்றத்தைச் செய்வதாகும். மீட்க வேண்டியது தொழிற்சாலை நிலையை அன்று, நேற்றுவரை இயங்கிய நிலையை. மாற்றத்துக்கு முன்னர் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியாற் படம்பிடித்துக்கொண்டவர்க்கு இது ஐந்து நிமிட வேலை, அல்லாதவர் ஏ.எச்.சி.ஐ., றெயிட், ஒட்டடுக்கு உண்டு, இல்லை என்னும் சேர்க்கைகளை ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பதன்றி வேறு வழியில்லை. ஆயின் அச்சேர்க்கைகள் எண்ணிறந்தவையல்ல என்பது ஆறுதல்.

நாற்பத்தெட்டு இலக்கங்கள்

இதுவரை நோக்கியவற்றில் இழப்பு நேரத்தின் இழப்பே. இனிக் கூறுவது வேறு வகையினது.

பிற்லொக்கர் எனும் வட்டு மறைகுறியாக்கம் விண்டோஸ் மடிகணினிகள் பலவற்றில் உடைமையாளர் கேளாமலேயே செயற்படுகின்றது. 2024 இல் வெளியான விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பு இதற்கான வன்பொருள் நிபந்தனைகளைத் தளர்த்தி, இன்னும் பல பொறிகளை இவ்வேற்பாட்டினுள் கொணர்ந்தது. வட்டைத் திறக்கும் திறவுகோல் ரி.பி.எம். கூற்றினுள் முத்திரையிடப்பட்டு வைக்கப்படுகின்றது. தொடக்கத்தின் ஒவ்வொரு படியையும் நிலைபொருள் அளந்து அவ்வளவையை ரி.பி.எம். இடம் பதிவுசெய்கின்றது. முத்திரையிட்ட நாளின் அளவைகளும் இன்றைய அளவைகளும் ஒத்திருந்தாலன்றித் திறவுகோல் வெளிவராது. திருடன் ஒருவன் பொறியைக் குலைத்துத் தரவைப் படிக்கலாகாது என்பதே நோக்கம். ஆனால் செக்கியூர் பூட்டை அணைத்த உடைமையாளரையும் திருடனையும் ரி.பி.எம். வேறுபடுத்தி அறிவதில்லை. திரையிலே மீட்புத் திறவுகோல் கேட்கப்படுகின்றது: ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகள், மொத்தம் 48 இலக்கங்கள். இத்தகைய எண்ணொன்று இருப்பதையே பலர் அந்நேரத்தில்தான் முதன்முதலாக அறிகின்றனர்.

இவ்விடத்திலே இரண்டு செயல்களுக்கிடையிலான வேறுபாட்டை அழுத்திக் கூறுதல் அவசியம். அமைப்பை மாற்றியதால் திறவுகோல் கேட்கப்படின், அமைப்பை அப்படியே திருப்பிவிட்டால் அளவைகள் மீண்டும் ஒத்துப்போகும்; பெரும்பாலும் எண்ணின்றியே பொறி திறக்கும். ரி.பி.எம். கூற்றை முடக்கியிருப்பினும் மீண்டும் இயக்கினாற் போதும். ஆனால் அதே பக்கத்தில், முடக்கும் தெரிவுக்கு அருகிலேயே, ரி.பி.எம். ஐத் துடைத்தழிக்கும் தெரிவும் உள்ளது. அதனை ஏற்றால் உள்ளிருந்த திறவுகோல் என்றென்றைக்குமாக ஒழிந்துவிடும். எந்த அமைப்பைத் திருப்பினாலும் அது மீளாது. தாய்ப்பலகையை மாற்றினாலும் இதே கதிதான்; பழைய திறவுகோல் பழைய பலகையோடு போய்விடும். பொறியைத் திருத்தித் தருகின்றோம் எனக் கூறுமிடத்தில் பலகையை மாற்ற ஒப்புதல் அளிக்குமுன் அந்த 48 இலக்கங்கள் கையில் உள்ளனவா என்று பார்க்க வேண்டியவர் உடைமையாளரே. திருத்துநர் பலர் அதைக் கேட்பதில்லை.

எண் எங்கே இருக்கும்? தனியாளின் பொறியாயின் விண்டோசில் நுழையப் பயன்படுத்திய மைக்ரோசொவ்ற் கணக்கிலே, வேறொரு கணினியிலிருந்தோ கைபேசியிலிருந்தோ நுழைந்து காணலாம். பல்கலைக்கழகமோ அலுவலகமோ வழங்கிய கணக்காயின் அந்நிறுவனத்தின் கணினிப் பிரிவினரிடம் இருக்கும். பட்டம் பெற்று வெளியேறியதும் அக்கணக்கு மூடப்பட்டுவிடலாம் என்பதை மாணவர் எண்ணிப் பார்ப்பது நன்று. கைமாறி வந்த பொறியிலே முன்னைய உடைமையாளரின் கணக்கிலும் அது தங்கியிருக்கக்கூடும். நிலைபொருளிலே எதையும் தொடுமுன் இந்த எண்ணைத் தாளில் எழுதிவைத்தலும், விண்டோசின் கட்டுப்பாட்டுப் பலகத்திலே பிற்லொக்கரைத் தற்காலிகமாக இடைநிறுத்தி வைத்தலும் இன்றியமையாதன. இடைநிறுத்தம் வட்டை மறைகுறி நீக்கம் செய்வதில்லை. முத்திரையைச் சிறிது நேரம் தளர்த்துகின்றது, அவ்வளவே. முன்னர்க் குறித்த ஏ.எச்.சி.ஐ. மாற்றத்துக்கும் இது பொருந்தும்.

திரை இருண்டபோது

காட்சி முற்றாக மறைந்த பொறிகளைக் குறித்துச் சுருக்கமாகக் கூறலாம். முதலாவது மருந்து பொறுமை. அமைப்புகள் மீள்நிலைப்படுத்தப்பட்ட பின்னர் நிலைபொருள் நினைவகத்தை மீண்டும் பழக்க வேண்டியிருப்பதால், புதிய வகை நினைவகமுடைய பொறிகள் சில நிமிடங்கள் வரை இருளிலே கிடக்கலாம். அப்போது ஆளியை அழுத்தி நிறுத்துவது தொடங்கிய வேலையை மீண்டும் தொடங்கச் செய்வதேயாகும். வரைவியற் சில்லு தொடர்பான அமைப்பை மாற்றியிருந்தால், வெளித்திரை ஒன்றை இணைத்துப் பார்த்தல் வேண்டும். காட்சி அங்கே சென்றிருக்கலாம்.

அதற்கும் பயனில்லையெனின் மின்னேற்றியைக் கழற்றி, இயலுமாயின் மின்கலத்தையும் பிரித்து, ஆளியை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்னைப் போக்குதல் வழக்கம். மின்கலம் உள்ளே பூட்டப்பட்ட திங்பாட் மாதிரிகள் பலவற்றில் அடிப்பக்கத்திலே ஊசித்துளை ஒன்று உண்டு. கடதாசிக் கவ்வியின் முனையால் அதனை அழுத்தினால் அதே பயன் கிட்டும். எச்.பி. மடிகணினிகள் பலவற்றில் விண்டோஸ் விசையையும் வீ விசையையும் சேர்த்து அழுத்தியவாறு ஆளியை இயக்கினால் அமைப்புகள் மீள்நிலையடையும். வீக்குப் பதிலாக பீ விசையை அழுத்தினால் சேமித்துவைத்த நிலைபொருட் படியொன்றிலிருந்து மீட்பு நிகழும். டெல் பொறிகளிலே கட்டுப்பாட்டு விசையையும் எஸ்கேப் விசையையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு மின்னேற்றியைச் செருகுவது மீட்புத் திரைக்கு இட்டுச் செல்லும். இவை எல்லா மாதிரிகளுக்கும் பொருந்துவன அல்ல. மாதிரியின் எண்ணைப் பொறியின் அடியிற் கண்டு அதற்குரிய கையேட்டை நாடுதலே தக்கது.

அமைப்பே பொறியைக் கொன்ற சந்தர்ப்பங்களும் வரலாற்றில் உண்டு. 2013 இன் தொடக்கத்திலே சாம்சுங் மடிகணினிகள் சில, லினக்சைத் தொடங்கிய பின்னர் அடியோடு உயிரிழந்தன. குற்றம் லினக்சின் ஒரு செலுத்தி மீது சுமத்தப்பட்டது. மத்தியூ கரற் எனும் நிரலாளர் விண்டோசிலிருந்தே அதே விளைவை நிகழ்த்திக் காட்டியபோது உண்மை வெளிப்பட்டது. அமைப்புகள் உறையும் பிளாஷ் பகுதியிலே ஒன்றைத் திருத்துவதென்றால் பழையதற்குக் கழிவுக்குறி இட்டுப் புதியதைப் பக்கத்திலே எழுதுவதே முறை. கழிவுகளைத் துப்புரவாக்குவது நிலைபொருளின் வேலை. அப்பொறிகளிலே அப்பகுதி ஓரளவுக்கு மேல் நிரம்பியதும் நிலைபொருள் தொடங்கவே இயலாது தடுமாறியது. நியமம் அனுமதித்த ஒரு செயலைச் செய்ததற்காகப் பொறி மடிந்தது. நிலைபொருளின் மூலநிரல் மறைவாக இருந்தமையால், காரணத்தை வெளியிலிருந்து ஊகித்தே அறிய வேண்டியிருந்தது என்பதும் கருதத்தக்கது. 2017 டிசம்பரிலே வேறொரு நிகழ்வு: உபுண்டு 17.10 பதிப்பிலிருந்த இன்ரெல் பிளாஷ் செலுத்தியொன்று லெனோவோ முதலிய சில மடிகணினிகளில் நிலைபொருளின் அமைப்புகளைச் சேமிக்க இயலாதவாறு செய்துவிட்டது. இம்முறை குற்றம் லினக்சினதே. வெளியீட்டாளர் பதிப்பைத் தற்காலிகமாக விலக்கிக்கொண்டு 2018 சனவரியிலே திருத்தி வெளியிட்டனர்.

திறவுகோல் யாரிடம்?

இத்தகைய ஆழ்ந்த பழுதுகளுக்கு ஒரு காலத்தில் இறுதி மருந்து இருந்தது. எட்டுக் கால்களையுடைய பிளாஷ் சில்லின் மீது கவ்வியைப் பொருத்தி, மலிவான எழுதுகருவி ஒன்றினால் நலமான நிலைபொருளை நேரடியாகப் பதித்துவிடலாம். தயாரிப்பாளரின் நிலைபொருளுக்கு மாற்றாக, 1999 இல் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்திலே றொன் மின்னிச் தொடங்கிய, இன்று கோர்பூட் எனப்படும் திறந்த நிலைபொருளையும் அவ்வழியே ஏற்றலாம். 2013 இன் நான்காம் தலைமுறைக் கோர் செயலிகளோடு இன்ரெல் கொணர்ந்த பூட் கார்ட் எனும் ஏற்பாடு இவ்வழியைக் குறுக்கிற்று. தயாரிப்பாளரின் திறவுகோலுக்குரிய அடையாளம் சில்லினுள் உருகிகளாற் பொறிக்கப்படுகின்றது. அத்திறவுகோலாற் கையொப்பமிடப்படாத நிலைபொருளைப் பொறி ஏற்காது. தயாரிப்பாளரின் பழைய படியை மீளப் பதிக்கலாம்; பொறியின் சொந்தக்காரர் தாம் எழுதியதைப் பதிக்க முடியாது.

இதனை வெறும் வணிகச் சதியென ஒதுக்குவது ஆய்வு நேர்மையாகாது. நிலைபொருளிலே பதுங்கும் நச்சுநிரலைப் பணிசெயல் முறைமையால் எளிதிற் காண முடியாது என்பது மெய். கையொப்பம் அதற்கு எதிரான உண்மையான அரண். கேள்வி அரண் வேண்டுமா என்பதன்று, கதவின் திறவுகோலில் உடைமையாளருக்கும் ஒரு படி உண்டா என்பதே. செக்கியூர் பூட்டைப் பொறுத்தவரை, 2012 இன் விண்டோஸ் 8 காலத்திலே இன்ரெல் வகைப் பொறிகளில் அதனை அணைக்கவும் சொந்தத் திறவுகோலைச் சேர்க்கவும் வழியிருத்தல் வேண்டும் என மைக்ரோசொவ்ற் தனது சான்றிதழ் நிபந்தனையிலேயே விதித்தது. எதிர்ப்புக் குரல்களுக்கு அதில் பங்குண்டு. விண்டோஸ் 10 வந்தபோது அணைக்கும் வசதியை வழங்குவது தயாரிப்பாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டது. பூட் கார்ட்டிலோ இத்தகைய வழி தொடக்கத்திலிருந்தே இல்லை. 2023 இல் எம்.எஸ்.ஐ. நிறுவனத்திடமிருந்து திருடப்பட்ட கோப்புகளோடு பூட் கார்ட்டுக்குரிய இரகசியத் திறவுகோல்களும் வெளியாயின. உருகியிலே பொறித்ததை மாற்ற இயலாதாகையால், அத்திறவுகோலை நம்புமாறு வார்க்கப்பட்ட பொறிகள் தம் ஆயுள் முழுவதும் அதனையே நம்பும்.

கடவுச்சொல் விடயத்திலும் இதே பெயர்வைக் காணலாம். முன்னர் மின்கலத்தோடு மறைந்த நிலைபொருட் கடவுச்சொல் இன்று அழியாச் சில்லிலே தங்குகின்றது. சில தயாரிப்பாளர் கொள்முதற் சான்றைக் கண்டு திறந்துதருவர். சிலருடைய கையேடுகளோ தாய்ப்பலகையை மாற்றுவதொன்றே வழி என்கின்றன. அலுவலகங்கள் கழித்துவிட்ட மடிகணினியை வாங்கும் மாணவர், பணம் கொடுக்குமுன் நிலைபொருளின் அமைப்புத் திரையினுள் கடவுச்சொல் இன்றி நுழைய முடிகின்றதா என்று பார்த்துக்கொள்ளல் வேண்டும். தயாரிப்பைப் பொறுத்து எவ்1, எவ்2, எவ்10 என்பவற்றுள் ஒன்று அதற்குரிய விசையாக இருக்கும். திரை நன்று, விசைப்பலகை நன்று என்று பார்ப்போர் இதனைப் பார்ப்பதில்லை.

வேறு விதமாகவும் அமைக்கலாம் என்பதற்குக் கோர்பூட்டையே நிலைபொருளாகக் கொண்ட குரோம்புக் மடிகணினிகளின் பழைய மாதிரிகள் பல சான்று. அவற்றிலே பிளாஷ் சில்லின் எழுத்துத் தடையைத் தாய்ப்பலகையிலிருந்த ஒரு திருகாணி நிலைநிறுத்தியது. தொலைவிலிருந்து வரும் எந்த நச்சுநிரலாலும் திருகாணியைக் கழற்ற முடியாது. பொறியைக் கையில் வைத்திருப்பவர், அடிமூடியைத் திறந்து, அதனைக் கழற்றிவிட்டுத் தாம் விரும்பிய நிலைபொருளைப் பதித்துக்கொள்ளலாம். பிந்திய மாதிரிகளில் திருகாணியின் இடத்தை ஒரு பாதுகாப்புச் சில்லு எடுத்துக்கொண்டது.